சர்க்கரையும் சில குறுஞ்செய்திகளும்

நீரிழிவு என்ற சொல்லில் இருக்கும் 'இழிவு' வசையல்ல. இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். அருவி மலையிலிருந்து இழிகிறது என்று எழுதுவோமே, அதே இழிதல்தான். உடம்பிலிருந்து நீர் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கும் நோய் என்பது பொருள். கிரேக்கத்திலிருந்து வந்த ஆங்கிலப் பெயரும் ஊடாகக் கடந்து செல்வது என்கிற இதே பொருளைத்தான் சுமக்கிறது. வடமொழியின் மதுமேகம், சிறுநீரின் இனிப்பைக் கவனித்து வைத்த பெயர். ஈழத்து நண்பர்கள் சலரோகம் என்பார்கள். எல்லாமே வெறும் வர்ணனைகள். ஒன்றிலும் நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

ஒழுக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. இன்று ஊரில் யாரும் நீரிழிவு என்று சொல்வதில்லை, 'சுகர்' என்கிறார்கள். ஒருவருக்குச் சுகர் இருக்கிறது என்று தெரிந்ததும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "கன்ட்ரோல்ல இருக்கா?" என்பது. மூட்டுவலிக்காரரிடமோ ஆஸ்துமாக்காரரிடமோ இந்தத் தொனியில் யாரும் கேட்பதில்லை. கட்டுப்பாடு என்பது நம் மொழியில் உடம்பைக் குறித்த சொல்லாக இருப்பதை விடவும் நடத்தையைக் குறித்த சொல்லாகவே அதிகம் புழங்குகிறது. ஊர்க் கட்டுப்பாடு, நாக்குக் கட்டுப்பாடு, வாய்க் கட்டுப்பாடு. 'இல்லை' என்று பதில் சொல்பவர் ஒரு மருத்துவத் தகவலைத் தருவதில்லை, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை போலிருக்கிறது. 2011இல் ஆஸ்திரேலியாவின் நீரிழிவு அமைப்பும், 2017இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அந்நாட்டு நீரிழிவுக் கல்வியாளர் சங்கமும் சேர்ந்தும், மருத்துவர்கள் தங்கள் பேச்சில் எந்தச் சொற்களை விலக்கலாம் என்று ஆவணங்களே வெளியிட்டிருக்கின்றன. கட்டுப்பாடு, கீழ்ப்படிதல் போன்ற சொற்கள் நோயாளியைத் தண்டிக்கப்பட வேண்டியவராகக் காட்டுகின்றன. ஆளை நோயின் பெயரால் அழைக்காமல் நோயுடன் வாழ்பவர் என்று சொல்லுங்கள் என்றெல்லாம் அவை வாதிடுகின்றன. மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் சொல்லாராய்ச்சி வெளிவருவது எங்களைப் போன்ற இலக்கியப் பைத்தியங்களுக்கு ஒருவித அற்ப சந்தோஷத்தைத் தந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அது அல்ல.

எங்கள் அம்மாவுக்கு வயது 73. மன்னார்குடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சர்க்கரை வந்து 22 வருடங்கள் ஆகின்றன. மாத்திரைகளுடன் இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். நாங்கள் மூவர்: ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் டொரண்டோவில். (இதைத் தட்டச்சு செய்வது ஒருவர், மற்ற இருவரும் வரிக்கு வரி ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டிருக்கிறார்கள்.) அம்மாவுக்காகப் படிக்கத் தொடங்கி, பிறகு படிப்பின் சுவைக்காகவே படித்த சில ஆய்வுகளைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று தோன்றியது. புது மருந்துகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் போதுமான அளவு எழுதிவிடுகின்றன. நாங்கள் சொல்லவருவது வேறு வகை: மனிதர் ஏன் நடப்பதில்லை, ஏன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிறார், யார் சொன்னால் கேட்கிறார், ஒரு கருவி அவருக்கு உதவுகிறதா உபத்திரவம் தருகிறதா என்பதையெல்லாம் முறையாக ஆராய்கிற துறை.

அத்துறையின் ஆதாரக் கற்களில் ஒன்று 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு. நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, ஒரு பகுதியினருக்கு வெற்று மாத்திரை, மூன்றாம் பகுதியினருக்கு மாத்திரையே இல்லை. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கும், அதை எட்டத் துணையாக ஆளுக்கொரு பயிற்றுநரும். மெட்ஃபார்மின் நோய் வரும் வாய்ப்பை 31 சதவீதம் குறைத்தது. நடையும் உணவும் 58 சதவீதம் குறைத்தன. மாத்திரையை நடை வென்ற செய்தி என்று அப்போது கொண்டாடப்பட்டது. எங்களுக்கு அதில் பெரிதாகப் படுவது அந்தப் பயிற்றுநர். 'நடங்கள்' என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுப்பதற்கும், பதினாறு பாடங்களாக ஒருவர் கூடவே இருந்து, மழை பெய்தால் என்ன செய்வது, கல்யாண வீட்டில் என்ன செய்வது என்று பேசுவதற்கும் உள்ள தூரத்தைத்தான் அந்த 58 அளந்திருக்கிறது.

அந்த முடிவு நமக்குப் பொருந்துமா என்ற கேள்வியைச் சென்னை மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரனும் அவர் குழுவும் எடுத்துக்கொண்டார்கள். 531 பேர். முடிவுகள் 2006இல் வெளியாயின. ஒன்றும் செய்யாமல் விட்ட குழுவில் மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தவர்கள் நூற்றுக்கு 55. அமெரிக்க ஆய்வின் வெற்று மாத்திரைக் குழுவில் இதே காலத்துக்கு அது 29தான். அமெரிக்கர்களின் சராசரிப் பருமனைவிட நம்மவர்களின் பருமன் எவ்வளவோ குறைவு. இருந்தும் நம் உடம்பு வாசலைத் தாண்டி உள்ளே போகும் வேகம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆறுதலான பகுதியும் உண்டு. உணவும் நடையும் மாற்றியவர்களில் அந்த 55 என்பது 39ஆகக் குறைந்தது. குறைந்தவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை என்பது கூடுதல் விசித்திரம். மெட்ஃபார்மினும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் தந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தும் மேற்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் கூடவே இருந்து பேச ஆளுக்கு எங்கே போவது? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெருங்கணக்கெடுப்பு, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்கிறது. இத்தனை பேருக்குப் பயிற்றுநர் என்றால் அதற்கே ஒரு தனி மாநிலம் வேண்டும்.

ராமச்சந்திரன் குழுவின் அடுத்த ஆய்வு எங்களுக்குப் பிடித்துப்போனது இதனால்தான். 2013இல் வெளியானது. 35 முதல் 55 வயதுக்குட்பட்ட, வேலை பார்க்கும் ஆண்கள் 537 பேர். எல்லோருக்கும் தொடக்கத்தில் நேரில் ஆலோசனை சொல்லப்பட்டது. பிறகு பாதிப் பேருக்கு மட்டும் கைபேசியில் குறுஞ்செய்திகள். அன்றைய சாதாரணக் கைபேசி. செயலி கிடையாது, படம் கிடையாது, நூற்றுச் சொச்சம் எழுத்துகள். ஒரே வாசகத்தை எல்லோருக்கும் அனுப்பவில்லை. மாற்றத்தைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டே இருப்பவர் யார், தயாராகிக்கொண்டிருப்பவர் யார், தொடங்கிவிட்டவர் யார் என்று பார்த்து, அவரவர் நிலைக்கு ஏற்ற செய்தி. இரண்டு ஆண்டு முடிவில், செய்தி பெறாத 266 பேரில் 73 பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. பெற்ற 271 பேரில் 50 பேருக்கு.

நூற்றுக்கு 27, நூற்றுக்கு 18. கணக்குப் போட்டுப் பார்த்தால், பதினொரு பேருக்கு இரண்டு வருடம் செய்தி அனுப்பினால் ஒருவருக்கு நோய் வராமல் போகிறது. அந்த ஒருவர் யார் என்பது அவருக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது. தடுப்பு என்ற காரியத்தின் சோகமே இதுதான் என்று எங்களில் ஒருவர் அடிக்கடி சொல்வார். அறுவை செய்து பிழைக்கவைத்தவருக்கு மாலை உண்டு. வராமல்போன நோய்க்கு நன்றி சொல்ல ஆள் இல்லை. நிதி கேட்டுப் போகிற ஆராய்ச்சியாளரின் சங்கடமும் அதுவே. ஒரு மூலக்கூறுக்குக் காப்புரிமை உண்டு, பின்னால் ஒரு நிறுவனம் உண்டு. 'சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடங்கள்' என்ற வாக்கியத்துக்கு எந்த நிறுவனம் முதல் போடும்? அரசும் அறக்கட்டளைகளும்தான் போட வேண்டும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு அந்த நடைப் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் தரத் தொடங்கியது 2018இல். ஆய்வு வெளிவந்து பதினாறு ஆண்டுகள் கழித்து. நம் நாட்டிலும் 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து நீரிழிவுக்கான குறுஞ்செய்தித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எங்கள் உறவு வட்டத்தில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. கடன் வேண்டுமா என்று கேட்கும் குறுஞ்செய்தி வராதவரும் ஒருவரும் இல்லை.

அம்மாவிடம் இந்த ஆய்வைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி வேறு.

"அவ்வளவும் ஆம்பளைங்கதானே? சேதி அவங்களுக்கு வந்துது. சமைச்சது யாரு?"

ஆய்வறிக்கை, செய்தி பெற்றவர்களின் உணவு அளவில் மாற்றம் தெரிந்தது என்கிறது. அந்த மாற்றம் எந்தக் கைகளின் வழியாக நடந்தது என்பது அட்டவணையில் வரவில்லை. கணவரின் கைபேசியில் வந்த வாசகத்தைப் படித்தோ கேட்டோ, எண்ணெயைக் குறைத்து, அரிசியைப் பாதியாக்கி, குழந்தைகளின் முணுமுணுப்பையும் வாங்கிக்கொண்ட பெண்கள் ஒருவேளை இருநூறு பேராவது இருந்திருக்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழிலிடங்களில் ஆண்களைத் திரட்டுவது எளிது, ஆய்வு எங்காவது தொடங்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த ஆய்வுக்கு யாராவது பணம் கொடுப்பார்கள் என்றால், அது அடுப்படிக்குள் போகட்டும் என்பது அம்மாவின் சார்பாக எங்கள் விண்ணப்பம்.

*

இனி எங்கள் வீட்டுக் கருவி.

2023 கோடையில், விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போன அம்மா துவைக்கும் கல்லுக்கு அருகில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை, வியர்த்துக் கொட்டியிருக்கிறது, பேச்சு குழறியிருக்கிறது. பால் கொண்டுவந்த பையன் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டதும், அக்கா வாயில் சர்க்கரையைப் போட்டதும் தெய்வாதீனம். சர்க்கரை அதிகமாவது பல வருடங்களில் கொல்லும். குறைவது சில மணி நேரத்தில். வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு இரண்டாவதே பெரிய பயம். அதன் பிறகுதான் மருத்துவர் யோசனையின்பேரில் புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் உணரியை வாங்கினோம்.

அளவில் ஒரு பெரிய சட்டைப் பொத்தான் அவ்வளவுதான். அதன் நடுவிலிருந்து முடி போன்ற ஓர் இழை தோலுக்கடியில் இறங்கியிருக்கும். இரத்தத்தை அது தொடுவதில்லை. செல்களுக்கு இடையில் இருக்கும் திரவத்தில் உள்ள குளுகோஸை ஒரு நொதியின் உதவியால் அளக்கிறது. அதனால் இரத்தத்தில் நடப்பது அங்கே தெரியச் சில நிமிடங்கள் பிந்தும். இரண்டு வாரம் உழைக்கும். பிறகு பிய்த்து எறிந்துவிட்டு, நான்காயிரம் ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து இன்னொன்று. அளவுகள் கைபேசிக்கு வரும். அங்கிருந்து, விரும்பினால், பிள்ளைகளின் கைபேசிகளுக்கும். விரும்பினோம்.

முதல் சில நாட்கள் அம்மாவுக்கு அது ஒரு விளையாட்டு. நாற்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை. ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதத் தொடங்கினார். நான்கு இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் என்றால் எவ்வளவு. அதே சாப்பாடு, சாப்பிட்டவுடன் படுத்தால் எப்படி, கோயில் வெளிப்பிரகாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தால் எப்படி. அடை அவரிடம் நல்ல பெயர் வாங்கியது. உப்புமா நம்பிக்கைத் துரோகி என்று எழுதப்பட்டது. இருபது வருடமாக எத்தனையோ பேர் சொல்லியும் நடக்காதவர், மாலைச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்து அதன்பின் பிரகாரம் சுற்றத் தொடங்கினார். யாரும் சொல்லவில்லை. கோடு கீழே வளைவதைத் தன் கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான். நடத்தை ஆராய்ச்சியாளர்கள் இதற்கு நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அம்மா வைத்த பெயர், "கணக்கு வாத்தியார் கிட்ட கேக்காம நானே போட்டுப் பாத்தேன்."

உணரி உண்மையான ஆபத்தையும் காட்டிக்கொடுத்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலை நான்கு மணிவாக்கில் கோடு மெல்ல மெல்ல இறங்கி 60க்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அம்மா உறக்கத்தில் அறியவே இல்லை. மருத்துவர் இரவு இன்சுலினைக் குறைத்தார், இறக்கம் நின்றது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை எத்தனை வருடம் செய்தாலும் இது தெரிந்திருக்காது. மேலே போனதும் கீழே போனதும் சராசரியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுபோய் 'நன்று' என்று காட்டும்.

பிறகு அந்த இரவு. எங்கள் நேரம் இரண்டு மணி பத்து நிமிடம். டொரண்டோவில் மாலை நாலே முக்கால் ஆகப்போகிறது. அங்கிருந்தவரின் கைபேசி அலறியது: 54, இறங்கிக்கொண்டிருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. சென்னையைக் கூப்பிட்டார், பெங்களூரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் மாறி மாறி அடித்தும் அம்மா எடுக்கவில்லை. 49. பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பினோம். அக்காவும் அவர் கணவரும் டார்ச்சுடன் போய்க் கதவைத் தட்டினார்கள். கதவு திறக்கும்வரை எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தை வர்ணிக்கப்போவதில்லை.

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 118. இடது பக்கம் ஒருக்களித்து, உணரி இருக்கிற கையின்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார். புஜம் அழுந்தும்போது அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து உணரி பொய்யாகத் தாழ்ந்த அளவைக் காட்டும். புரண்டு படுத்தால் சரியாகிவிடும். இது இக்கருவிகளைப் பயன்படுத்துவோரிடையே பரவலாகத் தெரிந்த விஷயம். உண்மையான தாழ்வு சரிவுப் பாதைபோல இறங்கும், அழுத்தத்தால் வருவது கிணற்றில் விழுந்ததுபோல இருக்கும் என்று பழகியவர்கள் வேறுபாடு சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த வேறுபாட்டை யார் பார்ப்பது?

மறுநாள் காலை அம்மா எங்கள் மூவரையும் ஒரே அழைப்பில் வரச்சொன்னார்.

"தூங்கறப்பகூட என்னையப் பாத்துக்கிட்டேதான் இருப்பீங்களா?" என்று கேட்டார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. பிறகு, "போன வாரம் மத்தியானம் போன் பண்ணி, என்னம்மா சாப்பிட்ட, இருநூத்தி முப்பது காட்டுதேன்னு கேட்டீங்கள்ல? அன்னிக்கு என் கூட வேலை பாத்த டீச்சரோட பேத்திக்கு வளைகாப்பு. ஒரு கரண்டி சக்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். சந்தோஷமா சாப்பிட்டேன். உங்க போனு வந்தப்பறம் அது சந்தோஷமா இல்ல."

வில்லியம் போலன்ஸ்கி என்றோர் அமெரிக்க உளவியலாளர் இருக்கிறார். 2003இல் சான் டியேகோவில் நீரிழிவின் உளவியலுக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர். நீரிழிவுடன் வாழ்வது தரும் சோர்வையும் எரிச்சலையும் அளக்க 1995இலேயே சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து இருபது கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கியவர். மனச்சோர்வு நோயிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் போன்றோரின் வாதம். ஒரு நாளும் விடுமுறையில்லாத வேலையைப் பார்ப்பவருக்கு வரும் அலுப்பு அது. அதற்கு நோய் என்று பெயரிட்டு இன்னொரு மாத்திரை தருவதில் அர்த்தமில்லை. உறவினர்கள் செய்யும் கண்காணிப்பை 'நீரிழிவுப் போலீஸ்' என்று அவர் குறிப்பிடுவதுண்டு. நீரிழிவு இல்லாதவர்கள் நீரிழிவு உள்ளவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு சிறு அட்டையே அச்சிட்டிருக்கிறார். தட்டை எட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லாதிருப்பது அதில் முக்கியமான ஒன்று. அம்மா இந்த மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் அவருடைய ஆய்வின் சாரத்தைச் சக்கரைப் பொங்கலில் வைத்துச் சொல்லிவிட்டார்.

அம்மா விதித்த நிபந்தனைகள் மூன்று. தாழ்வு எச்சரிக்கை மட்டும் பிள்ளைகளுக்கு வரலாம். உயர்வு அவருக்கும் மருத்துவருக்கும் இடையிலானது. எச்சரிக்கை வந்தால் முதலில் அவரை அழைக்க வேண்டும், பிறகு அக்காவை, அதுவரை ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொள்ளக் கூடாது. தொலைபேசியில் முதல் கேள்வி சர்க்கரையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. கைபேசியில் அமைப்புகளை மாற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆனது. மூன்றாவது நிபந்தனைக்குப் பழகச் சில மாதங்கள் ஆயின. வேறு என்ன பேசுவது என்று யோசித்து, இப்போது அவர் படித்துக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றிப் பேசுகிறோம். உணரி வலது புஜத்துக்கு மாறியது.

முதியவர்களுக்கு எவ்வளவு கட்டாயம், எவ்வளவு சலுகை என்பதிலும் ஆய்வுலகம் மாறியிருக்கிறது. 2019இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த இலக்குகளின்படி, பொதுவாக ஒருவரின் அளவு நாளில் 70 சதவீதத்துக்கு மேல் 70 முதல் 180க்குள் இருக்க வேண்டும். முதியவருக்கு அது 50 சதவீதம் போதும். அதாவது பன்னிரண்டு மணி நேரம். ஆனால் 70க்குக் கீழே ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நாளொன்றுக்குக் கால் மணி நேரம்தான். மேலே தாராளம், கீழே கறார். இதை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

*

கருவி எவ்வளவு தூரம், ஆள் எவ்வளவு தூரம் என்பதற்கு இன்னோர் ஆய்வு பதில் சொல்கிறது. டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த நிகில் டாண்டனும் அமெரிக்க எமரி பல்கலைக்கழகத்தினரும் பிறரும் சேர்ந்து இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பத்து மருத்துவ மையங்களில் நடத்தியது. 1,146 நோயாளிகள், இரண்டரை ஆண்டுகள், வெளியீடு 2016. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு இரண்டு கூடுதல்: மருத்துவரின் கணினியில் நோயாளியின் தகவல்களைப் பார்த்து யோசனை சொல்லும் மென்பொருள் ஒன்று, மருத்துவர் அல்லாத ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். அழைத்து விசாரிப்பவர், தேதியை நினைவுபடுத்துபவர், சிரமம் என்னவென்று கேட்பவர். சர்க்கரையுடன் இரத்த அழுத்தமோ கெட்ட கொழுப்போ சேர்ந்து இலக்குக்குள் வந்தவர்கள் முதல் பாதியில் நூற்றுக்கு 8, இரண்டாம் பாதியில் 18.

இரு மடங்குக்கும் மேல். அதே சமயம், அந்த 18க்கு வெளியே 82 பேர் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நோய் அவ்வளவு பிடிவாதமானது. மென்பொருளுக்கு எவ்வளவு பங்கு, அழைத்து விசாரித்த குரலுக்கு எவ்வளவு பங்கு என்று அந்த ஆய்வில் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் சார்பு குரலின் பக்கம். முதலீட்டாளர்களின் சார்பு மென்பொருளின் பக்கம். மென்பொருளை ஒருமுறை எழுதிக் கோடிப் பேருக்கு விற்கலாம், குரலுக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். ஆய்வு முடிந்து நிதி தீர்ந்ததும் முதலில் நிற்பது அந்தக் குரல்தான் என்பது இத்துறையில் எங்கும் நடப்பது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். எங்கள் தெருவிலும் ஒருவர் வருகிறார். அம்மாவுக்கு மாத்திரை வெளியில் வாங்குவதால் அவர் எங்கள் வீட்டில் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் நிற்பார், மோர் குடிப்பார். எதிர் வீட்டுத் தாத்தா மாத்திரையை வாங்கி அடுக்கிவைக்கிறாரே தவிர விழுங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும்: மாத்திரை போட்டால் அடிக்கடி பசிக்கிறது, மருமகளிடம் கேட்கக் கூச்சம். இப்படியொரு தகவல் எந்த உணரியிலும் எந்தச் செயற்கை அறிவிலும் ஏறாது. ஏற்றுவதற்கு அந்தப் பெண்ணிடம் ஒரு படிவம்கூட இல்லை; எண்ணிக்கைக்கு மட்டும் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவி, ஆய்வுப் பட்டத்துக்காக, கையில் டேப்லெட்டுடன் எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தாள். நீரிழிவு உள்ள பெண்களின் உணவுப் பழக்கம் பற்றிய வினாத்தாள். பெங்களூர்க்காரர் அப்போது ஊரில் இருந்தார். அம்மா அந்தப் பெண்ணை ஊஞ்சலில் உட்காரவைத்து எல்லாக் கேள்விகளுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை கரண்டி, எந்த எண்ணெய், வாரத்தில் எத்தனை நாள் கீரை. முடிந்ததும், "ஒண்ணு விட்டுட்டியேம்மா" என்றார்.

"என்ன டீச்சர்?"

"வீட்ல எல்லாரும் சாப்பிட்டப்பறம் நீங்க எப்ப சாப்பிடுறீங்க, மிச்சம் என்ன இருந்துதுன்னு கேக்கலியே. சொல்றேன், எழுதிக்க. அவரு இருந்த காலத்துல, இன்சுலின் போட்டுட்டு முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கேன். அவரு சாப்பிட்டு எழுந்திருக்கணும்ல."

வினாத்தாளில் அதற்கு இடமில்லை. தெரிவுகளில் எதையும் தட்டவும் முடியாது. அந்தப் பெண் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "எத்தனை வருஷம் டீச்சர் அப்படி?" என்று கேட்டு எழுதத் தொடங்கினாள். அன்று அவள் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை.